கப்டனின் ஒட்டிய பக்கங்களும் என் நெஞ்சுச் சீழும்

பலெர்மோத் தமிழ்ச் சங்கத்துப் பெடியங்கள் இந்த மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். "ஆசுப்பத்திரியிலை கிடந்தனீ தானே, அதை எழுது. வாசிக்கிற சனம் இருமல் வந்தா நேரத்தோடை டொக்டரிட்டைப் போகும்" என்றார்கள். சரி, எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவன். பிழை இருந்தால் திருத்துங்கள். ஆனால் அருவருப்பாக இருக்கிறது என்று எதையும் வெட்டவேண்டாம். வெட்டுவதென்றால் போடவே வேண்டாம்.

முதலில் சீழைப் பற்றி. என் கட்டிலுக்குக் கீழே ஒரு கண்ணாடிப் போத்தல் இருந்தது. என் வலது விலாவுக்குள் செருகிய குழாயின் மற்ற நுனி அதற்குள் கிடந்தது. நான் மூச்சு விட்டால் போத்தலில் குமிழி வரும், இருமினால் சீழ் வரும். கஞ்சிக்குள் மஞ்சள் கரைத்த நிறம். கூழ் முட்டை நாற்றம். அது என் உடம்புக்குள் இருந்து வருகிறது என்று நினைக்கும்போது என் வாயில் இருந்த எச்சிலை விழுங்கவே மனம் வராது.

பக்கத்துக் கட்டிலில் நூன்சியோ என்று ஒரு கிழவர், சந்தையில் மீன் விற்றவர். சிகரெட் குடித்துச் சுவாசப்பை கெட்டுப்போய்க் கிடந்தார். நான் வந்த அன்றைக்கே மூக்கைச் சுழித்தார். அவருடைய சிசிலிப் பேச்சை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"டேய் சிலோன், நாப்பது வரியம் மீன் வித்தனான். உன்னை மாதிரி ஒண்டு மணந்திருந்தா திருப்பிக் கடலுக்குள்ளை எறிஞ்சிருப்பன்."

"எறியுங்கோ. அங்கையெண்டாலும் இந்தச் சூப்பைக் குடிக்கத் தேவையில்லை."

சிரித்துச் சிரித்து அவருக்கு ஒட்சிசன் மாட்டவேண்டி வந்தது.

இனி, எப்படி அங்கே போனேன் என்று சொல்லவேண்டும். அதற்கு என் வேலையையும் ஒரு செத்த கப்டனையும் பற்றிச் சொல்லவேண்டும்.

பொலிதேயாமா தியேட்டருக்குப் பின்தெருவில் மூன்றாம் மாடியில் நான் வேலை செய்கிற வீட்டு அம்மா, சிஞ்ஞோரா, இருக்கிறார். எண்பதை எட்டிய விதவை. இரண்டு கண்ணிலும் பார்வை மங்கிவிட்டது. காலையில் வீடு துடைத்து, பாஸ்தா அவித்து, மருந்து வாங்கி வருவேன். பின்னேரம் நாலு மணிக்கு வாசித்துக் காட்டவேண்டும். எனக்கு இத்தாலி வாசிக்கத் தெரியாது என்று முதல் நாளே சொன்னேன். "எனக்குப் பாக்கேலாது, உனக்கு விளங்காது. ரெண்டு பேரும் சேந்தா ஒரு ஆள்" என்றார். பஸ் பலகையிலும் பால் பெட்டியிலும் பிடித்த எழுத்துக்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லையும் மூன்றாக உடைத்து வாசிப்பேன். அவர் அதை ஒன்றாக்கி எனக்கு விளங்கப்படுத்துவார். அப்படித்தான் நான் இத்தாலி மொழி படித்தேன்.

வாசித்தது அவருடைய பாட்டனாரின் கதை. அந்த ஆள் நூற்று முப்பது வருசத்துக்கு முன்னம் இத்தாலியை ஒரே நாடாக்கச் சண்டை பிடித்த செஞ்சட்டைத் தொண்டர் படையில் கப்டனாக இருந்தவர். அவர் எழுதி வைத்த கொப்பியைச் சிஞ்ஞோராவின் தகப்பன் பிறகு டைப் அடித்திருந்தார். நாங்கள் வாசித்தது அந்த டைப் தாள்களை. விறாந்தையில் ஒரு கண்ணாடி அலுமாரிக்குள் கப்டனின் சிவப்புச் சட்டை, வாள், பதக்கம், ஒரு சப்பாத்து. அந்தச் சட்டையைக் கிழமைக்கு ஒருதரம் பிரஷால் தட்டுவது என் வேலை. கமக்கட்டில் நூறு வருச வேர்வை கறையாய் இறுகியிருந்தது. பூச்சி முட்டையிட்டிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டுவேன்.

கப்டன் வடக்கே ஒரு மலைப்பட்டினத்தில் உறுதி எழுதுகிற நொத்தாரிசு ஒருவரின் மூத்த மகன். சட்டம் படித்துக்கொண்டிருந்தவர். இருபத்திரண்டு வயதில் புத்தகத்தை மூடிவிட்டுத் தொண்டர்களோடு கப்பல் ஏறினார். யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. தாய்தான் அந்தச் சிவப்புச் சட்டையைத் தைத்துக் கொடுத்தார். பதினேழு வயதுத் தம்பி லூக்கா, வீட்டில் சொல்லாமல் பின்னாலேயே ஓடிவந்து அதே கப்பலில் ஏறிவிட்டான். சிசிலியில் இறங்கி, வெயிலில் நடந்து, பச்சை அவரையைப் பிய்த்துத் தின்று வந்தார்கள். பாதித் துவக்கு வெடிக்காது. ஓடாமல் நின்றதற்காக வழியிலேயே இவரை அதிகாரியாக்கினார்கள். ஒரேத்தோப் பக்கம் இருக்கிற பழைய கல் பாலத்தால் பலெர்மோவுக்குள் நுழைந்தார்கள். நீங்கள் எல்லோரும் பார்த்த பாலந்தான். இப்போது அதன் கீழே தண்ணீர் இல்லை. அங்கே தொடையில் வெடி பட்டு, ஒரு கன்னியர் மடத்தை ஆசுப்பத்திரியாக்கி வைத்திருந்த இடத்தில் மூன்று மாதம் கிடந்தார். தம்பி லூக்கா அந்தப் பாலத்தடியில் கொடியைப் பிடித்தபடி செத்தான் என்று டைப் தாளில் இருந்தது.

பிறகு தொண்டர் படையைக் கலைத்துவிட்டார்கள். அரச படையின் அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்து, "உன்னைக் கப்டனாக்கினது ஆர்?" என்று கேட்டார்களாம். கடைசியில் துறைமுகத்துச் சுங்கத்தில் ஒரு மேசை கொடுத்தார்கள். மருந்துக்கடைக்காரனின் மகளைக் கட்டினார். வருசா வருசம் விழா மேடையில் சிவப்புச் சட்டையோடு நிற்க வைத்தார்கள். எழுபது தாண்டிச் செத்தார். ஒருநாளும் வடக்கே போகவில்லை. சண்டை முடிந்து இருபது வருசம் தாய் உயிரோடு இருந்தும் போய்ப் பார்க்கவில்லை.

"ஏன் போகேல்லை?" என்று நான் கேட்டேன்.

"சிசிலி அவரைப் பிடிச்சு வச்சிட்டுது" என்று சிஞ்ஞோரா பெருமையாகச் சொன்னார்.

லூக்கா செத்த பக்கம் வந்தால் நான் கெதியாகத் தாளைப் புரட்டிவிடுவேன். எனக்கும் ஒரு தம்பி. ரூபன். அவனும் பதினேழு வயதில் பள்ளிக்கூடப் பையைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு இயக்கத்துக்குப் போனவன். நான் அப்போது இங்கே. இரண்டு வருசத்தில் மூன்று கடிதம் வந்தது. எப்படியாவது அவனை வெளியே எடுத்து இங்கே கூப்பிடவேண்டும் என்பதுதான் என் ஒரே நினைப்பு. அதனால்தான் சனி ஞாயிறில் மொண்டெல்லோவில் ஒரு சாப்பாட்டுக்கடையிலும் கோப்பை கழுவினேன். ஈரச் சேட்டோடு குளிரறைக்குள் போய்வந்து இருமல் பிடித்தது.

மூன்று கிழமை இருமினேன். பின்னேரத்தில் காய்ச்சல். நான் இருப்பது ஒரேத்தோவில் சாந்தியக்கா வீட்டில். அவ என் பெரியப்பாவின் மகள். அக்காவின் புருசன் குகன் அத்தான், "கொத்தமல்லி அவிச்சுக் குடி, பனடோலைப் போடு" என்றார். நானும் அதையே செய்தேன். உண்மையில் எனக்குப் பயம். கசம், சயரோகம் என்று எழுதிவிட்டால் குவெஸ்தூராவில், பொலிஸ் கந்தோரில், பெர்மெஸ்ஸோ விசாவைப் புதுப்பிக்காமல் ஊருக்கு ஏற்றிவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அது முழுப் பொய். உங்களில் யாருக்காவது அந்தப் பயம் இருந்தால் இன்றைக்கே விடுங்கள். எனக்கு ஆசுப்பத்திரியில் பில்லும் வரவில்லை, பொலிசும் வரவில்லை. என்னைக் கொல்லப் பார்த்தது அந்தக் கதைதான்.

ஒருநாள் வாசித்துக்கொண்டிருக்கும்போது சிஞ்ஞோரா கையைத் தூக்கி நிறுத்தினார். "உன்ரை மூச்சு மணக்குது. என்ரை மனிசன் சாகிற கிழமை இப்பிடித்தான் மணந்தது. சப்பாத்தைப் போடு." ஆசுப்பத்திரிக்கு டாக்சியில் அவரே கொண்டுபோனார். கண் தெரியாத மனுசி என் கையைப் பிடித்து என்னை நடத்தினார்.

ஐந்து மணித்தியாலம் இரும்புக் கதிரையில் இருந்தேன். எக்ஸ்ரேயில் என் வலது நெஞ்சு பாதிக்கு மேல் வெள்ளையாக இருந்தது. இளம் டொக்டர் ஒருத்தி அதை வெளிச்சத்தில் பிடித்து விளங்கப்படுத்தினா. சுவாசப்பையைச் சுற்றி வெங்காயத் தோல்மாதிரி இரண்டு தோல் இருக்கிறதாம். சளிக்காய்ச்சலைக் கவனிக்காமல் விட்டால் அந்த இரண்டு தோலுக்கும் நடுவில் சீழ் கட்டுமாம். அதற்குப் பெயர் எம்பியேமா. மருந்து மட்டும் அதைக் கரைக்காது, துளை போட்டு வடிக்கவேண்டும்.

"ரெண்டு கிழமைக்கு முன்னம் வந்திருந்தா குளிசையோடை போயிருக்கும்" என்றா.

மரக்க வைத்துத்தான் வெட்டினார்கள். ஆனால் குழாய் விலா எலும்புக்கு நடுவே நெருடிக்கொண்டு உள்ளே போனது எனக்குக் கேட்டது. முதல் நாளே ஒரு லீற்றர் வந்தது. இவ்வளவு அழுக்கை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் சோறு தின்றேனா என்று வாந்தி வந்தது. அதன்பிறகு மூன்று காலை கோப்பைக்குள் சளி துப்பிக் கசம் இல்லை என்று பார்த்தார்கள். மணிக்கட்டில், நாடி துடிக்கிற இடத்தில், ஊசி குத்தி இரத்தத்தில் காற்று எவ்வளவு என்று பார்த்தார்கள். இருக்கிற ஊசிகளில் மோசமானது அதுதான். நாளுக்கு மூன்று தரம் மஞ்சள் மருந்து ஒன்று கையில் ஏறியது. மலம் கழிக்கச் சட்டி வைத்தார்கள். நான் இருக்கும்போது நூன்சியோ பாட்டுப் படிப்பார், சத்தம் கேட்காமல் இருக்க. அதை நான் மறக்கமாட்டேன்.

சாந்தியக்கா ஒவ்வொரு நாளும் ஒரு மணிக்கு வருவா. இரண்டு வீடு துடைத்துவிட்டு, பிளாஸ்கில் மிளகு ரசமும் மீன் சொதியும் கொண்டு ஓடி வருவா. கோயில் அறையில் இருந்து திருநீறும் பேப்பர் துண்டில் மடித்துக் கொண்டுவந்து என் நெற்றியில் பூசி, பிறகு குழாய்க் கட்டின் மேலும் ஒரு விரல் தடவுவா.

"என்ன அது, பாண் மாவோ?" என்று நூன்சியோ கேட்டார்.

"சாமி" என்றா அக்கா.

"அப்ப எனக்கும் போடு. எங்கடை சாமியள் ஒருத்தரும் இந்தப் பக்கம் வாறேல்லை."

அக்கா அவருக்கும் பூசினா. சிஞ்ஞோரா தன் புருசனின் பட்டுப் பிஜாமாவைக் கொண்டுவந்து தந்தார். பையில் அந்த மனுசனின் பெயர் எழுத்துத் தைத்திருந்தது. செத்த ஆளின் உடுப்பு. அருவருப்பாக இருந்தாலும் அதைத்தான் போட்டுக்கொண்டு கிடந்தேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அக்கா திருநீறு இல்லாமல் வந்தா. "கோயில் பூட்டு" என்றா. வெள்ளிக்கிழமை எந்தக் கோயில் பூட்டு? சனிக்கிழமை, "மறந்துபோனன்" என்றா. பிளாஸ்கில் பருப்பு. ஞாயிற்றுக்கிழமை அத்தானும் வந்தார். நான் கேட்காமலேயே கால்பந்தைப் பற்றி அரை மணித்தியாலம் கதைத்தார். கத்தரிக்காய்க் கறி. மீன் இல்லை.

எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் இஞ்சை பிறந்த பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். நெருங்கிய சொந்தத்தில் ஒருவர் செத்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. கோயிலுக்குப் போகக்கூடாது, திருநீறு எடுத்துக் கொடுக்கக்கூடாது, வீட்டில் மீன் மச்சம் சமைக்கக்கூடாது. அதேபோல் நோயாளிக்குச் சாவு சொல்லக்கூடாது என்றும் ஒரு சட்டம். இவர்கள் வாயை நல்லாய் மூடிவிட்டார்கள். ஆனால் கையில் திருநீற்றை எடுக்க அவர்களுக்குத் துணிவு வரவில்லை. பொய் சொல்லலாம், துடக்கோடு சாமியைத் தொடக்கூடாது. மீனைச் சமைத்துத் தந்திருந்தால் நான் செத்தாலும் கண்டுபிடித்திருக்கமாட்டேன்.

எனக்கும் அக்காவுக்கும் பொதுவாகத் துடக்கு வரக்கூடிய ஆட்கள் ஊரில் இரண்டே பேர். அம்மா, ரூபன்.

இப்போது எழுதுவதை யாரும் வெட்டவேண்டாம். அம்மாவாக இருக்கட்டும் என்று நான் நினைத்தேன். என்னைப் பெற்ற மனுசி சாகட்டும், தம்பி இருக்கட்டும் என்று முழு மனதோடு நினைத்தேன். போத்தலில் இருந்த சீழைவிட அந்த நினைப்பு நாறியது. கேட்டுவிட்டால் தெரிந்துவிடும் என்று நாலு நாள் கேட்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அக்கா ஊட்டினதை விழுங்கினேன்.

அந்த நாட்களிலும் சிஞ்ஞோரா வாசிப்புக் கேட்கப் பின்னேரம் வந்தார். டைப் தாள் முடிந்துவிட்டது. அதனால் கப்டனின் சொந்தக் கொப்பியையே அதற்கு முந்தின கிழமையில் இருந்து கொண்டுவந்தார். சுங்கத்தில் எழுதிப் பழகிய உருண்டைக் கையெழுத்து. டைப் தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து எழுத்துக்களைப் பிடித்திருந்தேன். நாலாவது நாள் பாலத்துச் சண்டைக்குப் பின்னால் என் விரலில் ஒரு தாள் தடித்துத் தட்டுப்பட்டது.

"சிஞ்ஞோரா, இஞ்சை ரெண்டு தாள் ஒட்டிக்கொண்டு கிடக்கு."

"ஈரம் பட்டிருக்கும்."

"இல்லை. மாப் பசை. ஓரம் பாத்து வடிவா ஒட்டியிருக்கு."

அவர் அந்த ஓரத்தை விரலால் தடவினார். பிறகு, "திறக்க ஏலுமோ?" என்றார்.

ஏலும். ஊரில் சீல் விழாத தபால் முத்திரையை ஆவியில் பிடித்துக் கழற்றித் திருப்பி ஒட்டுவதில் நான் விண்ணன். பள்ளிக்கூடத்தில் உருப்படியாகப் படித்தது அது ஒன்றுதான். எனக்கு மருந்துப் புகை பிடிக்க ஒரு மெஷின் வைத்திருந்தார்கள். அதன் மூடியைக் கழற்றி, புகையைத் தாளின் ஓரத்துக்குக் காட்டிக் காட்டி, சூப் கரண்டியின் காம்பால் மெல்ல நெம்பினேன். நூன்சியோ கதவைப் பார்த்துக் காவல் இருந்தார். பசை இளகியது. புளித்த நாற்றம் வந்தது.

உள்ளே இரண்டு பக்கம். கிழவனான பிறகு எழுதியது. சத்தமாக, துண்டு துண்டாக வாசித்தேன்.

லூக்கா பாலத்தில் சாகவில்லை. அவன் கையில் கொடியே இருந்ததில்லை. ஒரு கீறலும் இல்லாமல் பலெர்மோவுக்குள் வந்தவன். இரண்டு கிழமை கழித்து வயிற்றோட்டம் பிடித்தது. அதே மடத்தில், அண்ணனுக்குப் பக்கத்து வைக்கோலில் கொண்டுவந்து போட்டார்கள். மூன்று நாள் தன் மலத்துக்குள்ளேயே கிடந்தான். ஈ மொய்த்தது. "அண்ணா, தண்ணி" என்று கேட்டான். தண்ணீர்க் குவளை கப்டனின் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. முதல் இரண்டு நாள் கொடுத்தார். மூன்றாம் நாள் நாற்றம் தாங்காமல் போர்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். திரும்பிப் பார்த்தபோது தம்பி செத்திருந்தான். எத்தனை மணிக்கு என்று தெரியாது.

தாய்க்கு, கொடியைப் பிடித்தபடி பாலத்தில் விழுந்தான் என்று எழுதினார். தாய் பதில் எழுதினா: எந்தக் கையில் பிடித்திருந்தான்? அடுத்த கடிதத்திலும் அதையே கேட்டா. அதற்கடுத்ததிலும். அதனால்தான் கப்டன் ஊருக்குப் போகவில்லை. கடைசி வரி எனக்குப் பாடம்: "மேடையில் கைதட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அந்த வைக்கோல் மணக்கிறது."

நூன்சியோ சிலுவை போட்டுக்கொண்டார். "டேய் சிலோன்" என்றார். "நான் உன்ரை நாத்தத்தோடைதான் இவ்வளவு நாளும் கிடக்கிறன். ஒருநாளும் சுவருக்குத் திரும்பேல்லை. அதைக் கொப்பியிலை எழுது."

எழுதிவிட்டேன்.

சிஞ்ஞோராவின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. "ஒட்டினது என்ரை அப்பா" என்றார். "நான் சின்னப்பிள்ளையா இருக்கேக்கை ஒருநாள் அவர் குசினிக்குள்ளை நிண்டு மா கரைச்சவர். குசினிப் பக்கமே வராத மனிசன். பட்டம் ஒட்டப்போறார் எண்டு நான் துள்ளினனான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நாலு நாளா உன்ரை குரல் செத்த குரல். உங்கடை வீட்டிலை என்ன ஒட்டியிருக்கினம்?"

திருநீற்றுக் கதையைச் சொன்னேன். அவருக்கு முழுக்க விளங்கியதோ தெரியாது. "நாளைக்கு ஒரு மணிக்கு நானும் வாறன். கேள்" என்றார்.

மறுநாள் அத்தானும் வந்திருந்தார், சொன்னபடி சிஞ்ஞோராவும். அக்கா பிளாஸ்கைத் திறக்கும்போது கேட்டேன்.

"அக்கா, துடக்கு ஆருக்கு?"

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? வாயைத் திற, ரசம் ஆறுது."

"திருநீறு எங்கை?"

அக்கா தன் வலது கையைப் பார்த்தா. மூடி கீழே விழுந்து உருண்டது.

"ரூபனடா" என்றா.

"எப்ப?"

"செத்து மூண்டு கிழமையாம். எங்களுக்குச் செய்தி வந்தது போன வியாழக்கிழமைதான். உனக்குச் சொன்னா நெஞ்சு தாங்காதெண்டு..."

அத்தான் குறுக்கே வந்தார். "வீரச்சாவடா. பெரிய சண்டை. முன்னுக்கு நிண்டவனாம். ஒரு செக்கனிலை உயிர் போட்டுதாம். நீ பெருமைப்படோணும்." சட்டைப் பையில் இருந்து படம் போட்ட நோட்டீசை எடுத்தார். அதில் ரூபனுக்கு மீசை இருந்தது. அந்த மீசையை நான் கண்டதே இல்லை.

சிஞ்ஞோராவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

அதன்பிறகு சனம் வந்தது. தெரியாமல் இருந்தவரைக்கும் வராத சனம், தெரிந்ததும் தோடம்பழத்தோடு வந்தது. "வீரன்ரை தமையன் நீ." "குடுத்து வச்சனீ." ஒருவர் என்னோடு படம் எடுக்கக் கேட்டார், போத்தல் தெரியாமல். அவர் போனதும் வாந்தி எடுத்தேன். மருந்து ஒத்துவரவில்லை என்று நேர்ஸ் எழுதினா. கைதட்டுகிற சனத்தைக் கண்டால் கப்டனுக்கு வைக்கோல் மணந்தது பொய்யில்லை.

எனக்கு ஒரு கேள்விதான் இருந்தது. அவன் எப்படிச் செத்தான்? முன்னுக்கு நின்றான் என்கிறார்கள். எந்தக் கால் முன்னுக்கு? அத்தானைப் பிடித்து நச்சரித்து, ரூபனோடு இருந்து வெளியே வந்து கொழும்பில் ஒரு லொட்ஜில் நின்ற பெடியனின் தொலைபேசி நம்பரை வாங்கினேன். வார்ட் நடைவழியில் காட் போட்டுக் கதைக்கிற போன் இருந்தது. ஒரு கையில் போத்தலைத் தூக்கிக்கொண்டு போய் எடுத்தேன்.

"சண்டையிலை இல்லை அண்ணை" என்றான். சின்னக் குரல். "பதுங்குகுழி வெட்டேக்கை கணுக்காலிலை தகரம் வெட்டினது. கொட்டைப்பாக்களவு காயம். அவன் கணக்கெடுக்கேல்லை. பிறகு சீழ் பிடிச்சு மேலை ஏறிச்சுது. மருந்து வரும் வரும் எண்டினம், வரேல்லை. பதினொரு நாள்."

"நீ பக்கத்திலை இருந்தனியோ?"

அந்தப் பக்கம் அவன் கதவைச் சாத்துவது கேட்டது.

"இருந்தனான் அண்ணை." பிறகு அழத் தொடங்கினான். "மணம் அண்ணை. தாங்கேலாமல் போட்டுது. கடைசி ரெண்டு நாளும் கதவடியிலை போய்ப் படுத்திட்டன். கூப்பிட்டவன். நான் நித்திரை மாதிரிக் கிடந்தனான்."

நான் ஏசவில்லை. என் கையில் தொங்கின போத்தலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குள் என் சீழ். பிறகு கட்டிலுக்கு வந்து டொக்டரிடம், இந்த மஞ்சள் மருந்து பெரிய மருந்தோ என்று கேட்டேன். "இல்லையில்லை" என்று என்னை ஆறுதல்படுத்துவதுபோல் சொன்னா. "சாதாரண மருந்து. எல்லா இடத்திலையும் கிடைக்கும்."

குழாயை இழுத்தபோது மூச்சைப் பிடி என்றார்கள். பிடித்தேன். மொத்தம் இருபது நாள் கிடந்த பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். நூன்சியோ என் போத்தலுக்குக் கையசைத்தார். சிஞ்ஞோரா வேலைக்குத் திருப்பி எடுத்தார். முதல் நாள் பிரஷை எடுத்துக்கொண்டு அலுமாரிக்குப் போனேன்.

"விடு" என்றார். "பூச்சி தின்னட்டும்."

அந்த மாதம் அம்மா வவுனியாவுக்கு வந்து ஒரு கடையில் இருந்து போன் எடுத்தா. அத்தான் போனை எனக்குத் தரமுதல் அதன் வாயைப் பொத்திக்கொண்டு, "ஒரு செக்கன் எண்டே சொல்லு. மனிசி தாங்காது" என்றார்.

"மோனை, நெஞ்சு எப்பிடி?"

"சுகமம்மா."

"தம்பி நோகாமல் ஒரு நொடியிலை போட்டானாம் எண்டு வந்து சொன்னவை. ஓமோ?"

எந்தக் கையில் கொடி என்று கேட்ட அந்தத் தாய்தான் எனக்கு நினைவு வந்தா. இருபது வருசமும் நினைவு வந்தது. அத்தான் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்லையம்மா" என்றேன். "காலிலை சின்னக் காயம். சீழ் பிடிச்சது. மருந்து இல்லை. பதினொரு நாள் கிடந்தவன்."

கம்பி இரைந்தது. அத்தான் தலையில் கைவைத்துக்கொண்டு வெளியே போனார்.

"எனக்குத் தெரியும்" என்றா அம்மா. "பெட்டியைத் திறக்க விடேல்லை மோனை. மூடின பெட்டியிலும் மணந்தது. நான் பெத்தது, எனக்குத் தெரியாதோ? ஆரெண்டாலும் ஒராள் வாயைத் திறந்து சொல்லட்டும் எண்டுதான் இருந்தனான்." பிறகு கேட்டா, "ஆர் பக்கத்திலை இருந்தது?"

"ஒரு பெடியன், அம்மா."

"கடைசி மட்டும் இருந்தவனோ?"

நான் உண்மை சொல்லத்தான் போனை எடுத்தவன். சத்தியமாக.

"ஓமம்மா. பக்கத்திலைதான் இருந்தவனாம். தண்ணி பருக்கினவனாம்."

"அவனைப் பெத்தவள் நல்லா இருக்கோணும்" என்று அம்மா அழுதா. அன்றைக்குத்தான் முதல் தரம் அழுதா என்று பிறகு அறிந்தேன்.

சாந்தியக்கா, இந்த மலர் அச்சாகி வந்தால் ஊருக்குப் போகிற பார்சலில் வைக்கவேண்டாம்.